மாடி அலமாரியைக் கீழே இறக்குங்கள்: ரங்கூன் கோயில் அறங்காவலர்களுக்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் சங்கத்துப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

மழை பிடிப்பதற்குள் மண்டபத்து மாடியை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாகப் பேச்சு. ஒரு கோயிலில் மட்டும் இல்லை, இந்த வருஷம் இரண்டு மூன்று இடங்களில் இதே ஏற்பாடு என்கிறார்கள். சுவர் ஒழுகினால் பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. அந்த மாடிகளில் மர அலமாரியிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கிற தமிழ்ப் புத்தகங்கள் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. முன்பு ஓரிடத்தில் இப்படி ஒழித்தபோது (எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்) எல்லாமே வீசைக் கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. அதில் கொஞ்சம் பன்சோடான் நடைபாதைக்கு வந்து சேர்ந்தது. மீதியில் கடலையும் பக்கோடாவும் மடித்திருப்பார்கள்.

நான் கேட்பது இரண்டு. எடைக்குப் போடாதீர்கள். மறுபடி மாடியில் ஏற்றிப் பூட்டியும் வைக்காதீர்கள். கீழே இறக்கி, பெரிய மேசை ஒன்றில் பரப்பி, வருகிறவர்கள் இஷ்டம்போல் புரட்டிப் பார்க்க விடுங்கள். முதல் கோரிக்கைக்குப் பாதிப் பேராவது தலையாட்டுவீர்கள் என்று தெரியும். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமான மடல்.

பன்சோடான் தெருவை உங்களில் எல்லோருக்கும் தெரியும். பேயர் தெரு என்று அப்பா காலத்துப் பெயர். காரில் கடந்திருப்பீர்கள், நின்றிருக்க மாட்டீர்கள். வெள்ளைக்காரன் கட்டிய உயரமான கட்டடங்களின் அடியில், நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுப் புத்தகத்தைக் கொட்டியிருப்பார்கள். சிலர் சுவரை ஒட்டி அலமாரி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் மேலே தார்ப்பாய். சாரல் அடித்தால் கடைக்காரர் எழுந்து எல்லாவற்றையும் மூடுவார், நாம் கையில் வைத்திருக்கிற புத்தகத்தை மட்டும் பிடுங்க மாட்டார். வாங்குகிறாயா, இல்லையா என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. குட்டி ஸ்டூலைக் காலால் நம் பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தால் மேலே கணக்குப் பதிவியல் பாடநூல் இருக்கும். அதன் கீழே சோவியத் காலத்து இயற்பியல், அட்டை போன நேஷனல் ஜியாக்ரஃபிக், பர்மிய ஜோசியப் பத்திரிகை, சித்திரக்கதை, யாரோ ஒரு வக்கீல் சேர்த்து வைத்திருந்த சட்ட அறிக்கைத் தொகுதிகள். போன மாதம் அச்சடித்த, பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகமும் அதற்குள்ளேதான் கிடக்கும். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று யாரும் பிரிப்பதில்லை. ஒன்றைத் தேடிப் போனால் அது கிடைக்காது, தேடாத ஒன்று கையில் ஒட்டிக்கொள்ளும். 37ஆம் தெருவிலும் நல்ல புத்தகக் கடைகள் உண்டு, அங்கே ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டதை எடுத்துத் தருவார்கள். என்ன கேட்பது என்றே தெரியாதவனுக்குப் பன்சோடான்தான் சரி.

தமிழ் அதில் எப்போதாவதுதான் அகப்படும். கடைக்காரருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, தலைகீழாகச் செருகியிருப்பார். தடிமனைப் பார்த்து விலை சொல்வார். தடியான தீபாவளி மலருக்கு அதிக விலை, ரங்கூன் என்று அச்சக முகவரி போட்ட மெல்லிய புத்தகத்துக்குச் சில்லறை விலை. இந்தக் கணக்கால் எனக்கு லாபம்தான், அதைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது.

அப்படி வாங்கியதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாடிகளில் இருப்பதும் இந்த இனம்தான். சென்னை இரத்தின நாயக்கர் அண்டு சன்ஸ் போட்ட பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்று. கண் மங்கிய பாட்டிகளும் எழுத்துக் கூட்டுகிற பேரப்பிள்ளைகளும் ஒரே புத்தகத்தைப் படிக்கட்டும் என்று அச்சடித்த மாதிரி இருக்கும். ஓரத்தில் பென்சிலால் கப்பல் தேதி குறித்த பஞ்சாங்கம். வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, தடித்த நூலால் தைத்து, காலண்டர் படத்தை அட்டையாக ஒட்டிய வீட்டு பைண்டிங். பர்மிய எழுத்தில் தேவாரம் எழுதி வைத்திருந்த ஒரு பள்ளிக்கூட நோட்டும் உண்டு. யாரோ ஒரு பிள்ளை பாட வேண்டும், தமிழ் படிக்க வராது, பாட்டி சொல்லச் சொல்லத் தனக்குத் தெரிந்த எழுத்தில் பிடித்துவைத்திருக்கிறது. உச்சரிப்பு அத்தனை சுத்தமாக இல்லை. ஆனால் ஓர் அடிகூட விட்டுப்போகவில்லை.

அந்த வீட்டு பைண்டிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. தொடர்கதையை நான் இதுவரை முழுதாகப் படிக்கவில்லை. படித்ததெல்லாம் அதன் பின்பக்கங்களை. ஒரு பக்கத்தில் அமிர்தாஞ்சன விளம்பரம், இன்னொன்றில் குழந்தைக்குக் கிரைப் வாட்டர், ரேடியோ விற்பனை, ஒரு சமையல் குறிப்பின் பிற்பாதி, ஒரு சிரிப்புத் துணுக்கின் முற்பாதி. துணுக்கு எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது, அந்த வரி தையலுக்குள் போய்விட்டது. கதையை எழுதியவரைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் ஆராய்ச்சி செய்திருப்பார்கள். எங்கள் வீடுகளில் என்ன வாங்கினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள், எதைப் படித்துச் சிரித்தார்கள் என்பது அந்தப் பின்பக்கங்களில்தான் இருக்கிறது.

இவை எப்படி இங்கே சேர்ந்தன? 1931ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மொகல் தெருவில் கிட்டங்கி என்கிற செட்டியார்களின் வட்டித் தொழில் இடங்கள், துறைமுகத்தில் தமிழும் தெலுங்கும் பேசிய தொழிலாளிகள், அலுவலகங்களில் குமாஸ்தாக்கள். சென்னைக் கப்பல் வந்தால் பத்திரிகைக் கட்டும் இறங்கும். அது போதாதென்று இங்கேயே அச்சடித்தோம். நகரத்தார் நடத்திய ‘தன வணிகன்’ இருந்தது. 1937இல் ‘ஜோதி’ மாத இதழ் தொடங்கியது, வெ. சாமிநாத சர்மா ஆசிரியர். அவருடைய நூல்களை வெளியிடப் புதுமலர்ச்சி நூற்பதிப்புக் கழகமும் இந்த ஊரில்தான் பிறந்தது. ஐரோப்பிய அரசியலைத் தமிழில் படிக்க வேண்டும் என்றால் சென்னை வாசகன் ரங்கூன் தபாலை எதிர்பார்த்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. இதை நம் கோடை வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

1941 டிசம்பர் 23இல் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கடல் வழியாகவும் காட்டு வழியாகவும் வெளியேறினார்கள். சர்மாவும் மனைவியும் நடந்தே இந்திய எல்லை சேர்ந்தார்கள், எழுதி முடித்த கையெழுத்துப் படிகளைச் சுமந்துகொண்டு. அந்த நடையைப் பற்றி அவரே பின்னால் எழுதினார். எழுத்தாளர் தன் கையெழுத்தைச் சுமப்பார். மற்றவர்கள் சுமந்தது குழந்தையையும் அரிசியையும்தான், புத்தகம் வீட்டில் நின்றது.

போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் மறுபடி வாங்கிச் சேர்த்தார்கள். ‘ரசிக ரஞ்சனி’, ‘தொண்டன்’ என்று தமிழ் நாளேடுகள் இருந்தன. பள்ளிக்கூடங்கள் இருந்தன, பாடப் புத்தகங்கள் இருந்தன. 1964 வந்தது. ராணுவ ஆட்சியில் கடைகள் அரசுடைமை ஆயின, மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். தனியார் பள்ளிகள் போயின, தமிழ் அச்சும் அடங்கியது. கப்பலில் கொண்டுபோக அனுமதித்தது மிகக் கொஞ்சம், சுங்கத்தில் நகையையே பிடுங்கிக்கொண்டபோது புத்தகத்தை யார் தூக்குவது? பெட்டியோடு பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள், வாத்தியாரிடம் கொடுத்தார்கள், பலபேர் கோயிலில் வைத்துவிட்டுப் போனார்கள். சாமி இருக்கிற இடம், பத்திரமாக இருக்கும் என்று. திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் நினைத்திருக்கலாம்.

அந்தப் பெட்டிகள்தான் உங்கள் மாடியில் இருப்பவை. கோயில் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. விற்று வரும் பணம் கோயில் வருமானத்தில் சேருமா என்று நான் கேட்கப் போவதில்லை. ஒப்படைத்துவிட்டுப் போன பொருளை எடைக்குப் போடுமுன் ஒரு தரம் அட்டையைத் திறந்தாவது பாருங்கள் என்கிறேன். பெயரும் ஊரும் தேதியும் அதில் எழுதியிருக்கும்.

இனி, உங்கள் பக்கத்திலிருந்து என் காதுக்கு வந்த பேச்சுகள்.

“யார் படிக்கிறார்கள்?” என்கிறீர்கள். பூட்டி வைத்த அலமாரிக்கு எப்படி வாசகர் வருவார் என்று நான் வாதாடலாம், ஆனால் அந்தக் கேள்வியில் உண்மையும் இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், படிப்பது பர்மிய மொழியில். கோடை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொள்கிறார்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் பாதி மறந்துவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு நாம் அடுத்து என்ன கொடுக்கிறோம்? ஒன்று பாடப் புத்தகம், இல்லையென்றால் திருமுறை. இரண்டும் உயர்ந்தவைதான். பத்து வயதுப் பையன் இரண்டையும் தானாக எடுத்துப் புரட்ட மாட்டான். அவன் புரட்டுவது படத்தை. ராஜாவும் பூதமும் வேதாளமும் வருகிற பழைய அம்புலிமாமாவை ஒருநாள் வகுப்பில் மேசை மேல் சும்மா போட்டுவைத்தேன். படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் பிள்ளைகளுக்குத் தானாக வந்தது. ஒருவன் சினிமா இதழில் சிவாஜி கணேசன் படத்தைக் காட்டி இது யார் என்றான். வாய்விட்டுப் படி என்றேன். படித்தான், வேர்த்துப்போய்.

“கோயிலில் சினிமாப் பத்திரிகையா?” இது அடுத்த ஆட்சேபம், இதைக் கொஞ்சம் கோபத்தோடே சொன்னார்கள் என்று கேள்வி. சன்னதியில் வைக்கச் சொல்லவில்லை ஐயா. திருவிழாவில் நாம் சினிமாப் பாட்டு போடாமலா இருக்கிறோம்? கூடத்து மேசையில் தேவாரமும் கிடக்கட்டும், ஜோக்குப் புத்தகமும் கிடக்கட்டும். சமயப் புத்தகத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம் என்ற யோசனைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. திருமுறைகள் எங்கும் கிடைக்கும், நூறு பதிப்பு வந்தாயிற்று, கைப்பேசியிலேயே இருக்கிறது. 1950களில் ரங்கூனில் நடந்த ஒரு நாடகத்தின் துண்டு நோட்டீஸ், யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, பால்காரர் கணக்கு எழுதிய நோட்டு, வட்டிக்கடைப் பேரேடு ஒன்றின் கிழிந்த தாள்: இவற்றுக்கு உலகத்தில் இரண்டாம் பிரதி இருக்காது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நகரத்தார் குடும்பங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்க ஆரம்பித்தவர், புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வீசி எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994இல் அதை வைத்துச் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முதலிலேயே கட்டம் கட்டியிருந்தால் இன்று பாதி ஆராய்ச்சிக்கு ஆதாரமே இருந்திருக்காது. அதனால்தான் தரம் பிரிப்பதற்கு உடனே குழு போடாதீர்கள் என்கிறேன். குழு போட்டால் அதில் யார் யார் இருப்போம் என்று எனக்குத் தெரியும், நம் எல்லோருக்கும் அபிப்பிராயம் அதிகம்.

“கரையான் மற்ற சாமானுக்கும் பரவும்.” இது நியாயமான பயம். மே முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் மழை, வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் பக்கம். அந்த ஈரத்தில் மூடிய தகரப் பெட்டியைப் போலக் கேடு வேறில்லை. காற்று புகாமல் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி ஒட்டுப் பசையைத் தேடி உள்ளே துளைக்கும். திறந்து வைத்து, அடிக்கடி கைபட்டுப் புரட்டப்படுகிற புத்தகத்தில் பூச்சி குடியேறுவது கடினம். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, தரையைவிட்டு உயர்த்தி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நம் பாட்டிமார் ஏட்டுச் சுவடிக்கு வசம்பு வைத்தார்கள், இங்கேயும் வைக்கலாம், நாப்தலின் உருண்டையைவிட மூக்குக்கு நல்லது. வெயிலில் காயப்போடுகிறேன் என்று மொட்டை மாடியில் பரப்பிவிடாதீர்கள். பத்திரிகைக் காகிதம் மரக்கூழில் செய்தது, அதில் உள்ள லிக்னின் வெயிலிலும் காற்றிலும் பழுத்து நொறுங்கும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுகிற அன்பான தன்னார்வலர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். பத்து வருஷத்தில் டேப் கழன்றுவிடும், பசை பழுப்பு ஏறி எழுத்தோடு நிற்கும். லாமினேஷன் அதைவிட மோசம்.

நம் இளைஞர் ஒருவர் இதையெல்லாம் ஸ்கேன் பண்ணிவிட்டுப் பேப்பரை எறிந்துவிடலாமே என்று கேட்டதாகவும் சொன்னார்கள். முதல் பாதி அருமை. பெரிய இயந்திரம் வேண்டாம், நல்ல கைப்பேசியும் பகல் வெளிச்சமும் போதும். எல்லாப் பக்கமும் எடுக்க முடியாவிட்டால் தலைப்புப் பக்கம், அச்சக முகவரி உள்ள பக்கம், உள்ளே கையால் எழுதியிருப்பது, இந்த மூன்றையாவது எடுத்துவிடலாம். 1998 பொங்கலில் மதுரைத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டெழுதித்தான் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். ஈழத்தவர் 2005 முதல் நூலகம் திட்டத்தில் தங்கள் ஊர்ச் சிற்றிதழ்வரை சேர்த்துவிட்டார்கள், போருக்கு நடுவிலும். பர்மாத் தமிழுக்கு அப்படி ஒன்று நாம் செய்யவில்லை. செய்யலாம், பிள்ளைகளுக்குக் கைப்பேசி பழக்கம் இருக்கிறது. ஆனால் திரையில் தேட ஒரு பெயர் தட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு எந்தப் பெயரைத் தட்டுவது என்று தெரியாது. அவர்களுக்கு முதலில் மேசைதான் வேண்டும்.

சென்னைக்கு அனுப்பிவிடலாம், அங்கே பத்திரமாக இருக்கும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு அரைச் சம்மதம்தான். அச்சக முகவரியில் ரங்கூன், மோல்மீன் என்று இருப்பவற்றை ஒளிப்படம் எடுத்து அங்குள்ள நூலகங்களுக்கு அனுப்பலாம், அனுப்ப வேண்டும். அசல் இங்கே இருக்கட்டும். இந்த ஊரில் தமிழில் அச்சடித்தார்கள் என்பதை நம் பிள்ளை தொட்டுப் பார்க்க அடையாற்றுக்கு விமானம் ஏற முடியாது. இருக்கிற நிலைமையில் இங்கே பத்திரமா என்று நீங்கள் கேட்கலாம். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த நாட்டில் எது பத்திரம் என்று நானும் யோசிக்கிறேன். வீட்டைக் காலி செய்து போகிற குடும்பங்கள் இப்போதும் பெட்டிகளைக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைக்கின்றன. 1964இல் வைத்தது போலவேதான். அதனால்தான் ஒளிப்பட வேலையை இந்த வருஷமே தொடங்கச் சொல்கிறேன்.

புதியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழையதை மட்டும் வைத்தால் அது அருங்காட்சியகம் ஆகிவிடும், பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தியா போய்வருகிறவர்கள் நம்மில் ஏராளம். புடவையும் பூஜைச் சாமானும் எவர்சில்வரும் கொண்டுவருகிற பெட்டியில் இரண்டு வார இதழ், ஒரு சிறுவர் புத்தகம், ஒரு சமையல் புத்தகம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். நாவலோ கவிதையோ கொண்டுவந்தால் இன்னும் சந்தோஷம். 2012 ஆகஸ்டில் அச்சுக்கு முந்தைய தணிக்கை நீங்கியபோது பர்மிய இதழ்கள் காளான் போல முளைத்தன, தெயின்பியூ சாலையில் 2017இல் வார இறுதிப் புத்தகத் தெருவே திறந்தார்கள். அந்த நல்ல நாட்களில்கூட நம் கூடத்து மேசைக்கு ஒரு புதிய தமிழ் இதழ் வந்ததில்லை. பர்மிய மொழிப் புத்தகங்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்பேன். பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தைப் பார்த்து உட்காருவான், பக்கத்தில் இருப்பதை அப்புறம் எடுப்பான்.

வாடகைப் புத்தகக் கடைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவுக்குத் தெரு இருந்தன, சில்லறை கொடுத்து நாவலை ஓரிரு நாளுக்கு எடுத்துப் போவோம். இந்த நாடு வாசித்துப் பழகியதில் அந்தக் கடைகளுக்குப் பெரிய பங்கு. கைப்பேசி வந்து அநேகமாக அவற்றைத் தின்றுவிட்டது. அங்கே கதவு இல்லை, கண்ணாடி இல்லை, உறுப்பினர் படிவம் இல்லை. நம் சங்கங்கள் நூலகம் என்றால் உடனே செய்வது கண்ணாடிக் கதவு, பூட்டு, செயலாளர் இடுப்பில் சாவி. செயலாளர் ஊருக்குப் போனால் நூலகமும் ஊருக்குப் போய்விடும். தயவுசெய்து அந்தப் பாதையில் போகாதீர்கள். சில புத்தகங்கள் காணாமல் போகத்தான் செய்யும். இரண்டாம் பிரதி இல்லாதவற்றை மட்டும் தனியே எடுத்து, ஒளிப்படம் எடுத்தபின், கேட்டால் காட்டுகிற மாதிரி உள்ளே வையுங்கள். மற்றவை காணாமல் போனால் போகட்டும். எடைக்குப் போட்டபோது போனதைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

செலவு பெரிதில்லை. அன்னதானக் கூடத்தில் பழைய மேசைகள் அடுக்கிக் கிடக்கின்றன. நல்ல விளக்கு ஒன்று வேண்டும், மின்சாரம் போகிற நேரங்களுக்காக அதை ஜன்னல் பக்கம் போடுவது உத்தமம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும், பூஜைக்குக் கூட்டம் வருகிற நேரத்தில் மட்டும் திறந்தால் போதும். பூஜை முடிந்து பிரசாதத்துக்குக் காத்திருக்கிற அம்மாமார்கள் முதலில் வருவார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குத்தான் இதில் எழுதியிருக்கிற பெயர்களை அடையாளம் தெரியும், இது இன்னார் வீட்டுப் புத்தகம், அவர்கள் தமிழ்நாட்டில் பர்மா காலனியில் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் மேசையில் கட்டி வைக்க வேண்டும். கட்டித்தான் வைக்க வேண்டும், நம் ஊரில் பேனா நிற்காது.

கோயிலுக்குக் கோயில் நிலைமை வேறு என்பது தெரியும். ஊருக்குள் இடநெருக்கடி, கொன்செடான் தெரு காளியம்மன் கோயில் பக்கம் கால் வைக்கவே இடம் இல்லை. பீலிக்கான் போல வெளியே இருக்கிற கோயில்களில் இடம் இருக்கும், திருவிழா தவிர மற்ற நாளில் ஆள் குறைவு. இடம் இருக்கிற சங்கம் முதலில் செய்யட்டும், மற்றவர்கள் தங்கள் பெட்டிகளை அங்கே அனுப்பட்டும். எந்தப் பெட்டி எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று மேலே எழுதிவிட்டால் பின்னால் வழக்கு வராது. பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் என்ற பேச்சு வந்தால் பலகையே வேண்டாம்.

என் பங்குக்கு, பன்சோடானில் சேர்த்தவை எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டுவந்து மேசையில் போடுகிறேன், அந்தத் தேவார நோட்டு உட்பட. ஒளிப்படம் எடுக்க வகுப்புப் பிள்ளைகளில் மூத்தவர்கள் சிலர் தயார், அவர்கள் வீட்டில் பேசிவிட்டேன். கோடை வகுப்பு தொடங்குவதற்குள் முடிவு தெரிந்தால் பிள்ளைகளை வைத்தே பெட்டிகளை இறக்கிவிடலாம், கூலி ஆள் வேண்டாம். அதுவரை சுண்ணாம்பு அடிக்கிறவர்களிடம் மாடி அலமாரியை நகர்த்த வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லி வையுங்கள். பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாம்வேயிலிருந்து ஒரு கோடை வகுப்பு வாத்தியார்